திருகோணமலை மாவட்டக் கிராமங்களுக்கான அரச அபிவிருத்தித் திட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெருகலில் இருந்து குச்சவெளி வரை எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. திட்டங்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும். ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்களும் காட்ட வேண்டிய கடதாசிகளும் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் இங்கே பெயர்களைவிட அலுவலகங்களைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறோம். தொகைகள் 2025 நிலவரப்படி.

இத்தனை திட்டம் வந்தும் எங்கள் ஊர் ஏன் இப்படியே இருக்கிறது?

கேள்வி நியாயமானது. 1989 இல் ஜனசவிய வந்தது, 1995 இல் சமுர்த்தி. கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகு கிழக்கின் உதயம், கம நெகும, திவிநெகும. 2018 இல் கம்பெரலிய, 2023 இல் அஸ்வெசும, 2025 இல் பிரஜாசக்தி. இடையில் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் வடகிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம், மீள்எழுச்சித் திட்டம் என்று இன்னும் பல.

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டியது நிற்கவில்லை. 1990 இல் ஓடினோம், 2004 இல் கடல் வந்தது, 2006 இல் மாவிலாறு அணைக்கதவுப் பிரச்சினையோடு மூதூர் கிழக்கு மறுபடி காலியானது. சம்பூர்ச் சனம் 2006 இல் வெளியேறி, கிளிவெட்டி முகாமிலும் உறவினர் வீடுகளிலும் காலம் தள்ளி, 2015 இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் குளக்கட்டு உடைந்தது, கிணறு தூர்ந்தது, மாடு காட்டோடு போனது. அப்புறம் வந்த திட்டங்கள் பெரும்பாலும் இருந்ததை மீளக் கட்டுவதற்கே செலவானது.

இரண்டாவது காரணம் பாதை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும் வரை கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் இடையில் படகுப்பாதைதான். 396 மீற்றர் நீளம், சவூதி நிதி உதவி. அதன் பிறகுதான் மூதூர் நெல்லும் கிண்ணியா தயிரும் நினைத்த நேரத்தில் நகரத்துக்குப் போக முடிந்தது. இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு திட்டம் உண்மையாகவே வாழ்க்கையை மாற்றியது என்று சொல்லச் சொன்னால், எந்தக் கொடுப்பனவையும்விட மட்டக்களப்பு வீதிப் பாலங்களைத்தான் சொல்வோம்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எதைக் கட்டினால் திறப்பு விழா வைக்கலாமோ அதுவே முதலில் கட்டப்படுகிறது. கொங்கிரீட் வீதி வந்தது, நெல் காயவிடும் தளம் வரவில்லை. அதனால் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் புது வீதியில் பாதி நெல்லுக்கு, மீதி மோட்டார் சைக்கிளுக்கு.

அஸ்வெசும யாருக்கு, எவ்வளவு?

அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு. அதற்கு அடிப்படையான 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இருபது வருடம் கிடப்பில் கிடந்து, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகுதான் எழும்பியது. கொடுப்பனவு 2023 ஜூலையில் தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கான மாதத் தொகை 2025 ஜனவரியில் 15,000 ரூபாவில் இருந்து 17,500 ஆகவும், வறிய குடும்பத்துக்கானது 8,500 இல் இருந்து 10,000 ஆகவும் கூட்டப்பட்டது. இவற்றுக்கு மேல் இன்னும் இரண்டு வகைக் குடும்பங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அவர்களுக்குத் தொகையும் குறைவு, காலமும் மட்டுப்படுத்தப்பட்டது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்களுக்கான உதவி தனி.

எங்களைவிட வசதியானவருக்குக் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. ஜீஎஸ் (கிராம உத்தியோகத்தர்) பெயரை வெட்டிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப விபரம் என்று 6 தலைப்பின் கீழ் 22 குறிகாட்டிகள். வீட்டுக்கு வந்தவர் பதிந்த பதிலுக்குப் புள்ளி போட்டு வகை பிரிக்கப்படுகிறது. ஆகவே சண்டை பிடிக்க வேண்டியது ஜீஎஸ்ஸோடு அல்ல, உங்கள் பெயரில் பதியப்பட்ட தகவலோடு. ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் மின்சாரம் எடுத்தால் பாவனை கூடத் தெரியும். ஓடாத பழைய லேண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) கொட்டிலில் நின்றாலும் அது சொத்துத்தான். கலியாணம் முடித்து வேறு வீடு போன மகனின் சம்பளம் இன்னும் உங்கள் குடும்பக் கணக்கில் இருக்கலாம்.

பிரதேச செயலகத்தில் உள்ள நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போய், உங்கள் குடும்பத்துக்கு என்ன பதியப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிழையான பதில் எது என்று குறிப்பிட்டு, அதற்கான சான்றோடு மேன்முறையீடு செய்யுங்கள். "நாங்கள் ஏழை, உதவி செய்யவும்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் ஒரு புள்ளியும் மாறாது. மேன்முறையீட்டுக்குக் காலம் அறிவித்துத்தான் திறப்பார்கள், அதைத் தவற விடாதீர்கள். நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924.

சமுர்த்தி முடிந்துவிட்டதா?

மாதக் கொடுப்பனவு அஸ்வெசுமவுக்குப் போய்விட்டது. சமுர்த்தி வங்கிகள் இருக்கின்றன. உங்கள் சேமிப்பும் கடனும் அங்கேயே இருக்கின்றன. உதவி நின்றதும் கடனும் நின்றுவிட்டதாக நினைத்துத் தவணை கட்டாமல் விட்டவர்கள் பலர். கடன் நிற்காது.

எங்கள் ஊருக்கு ஒரு வீதி வேண்டும். ஒரு குளம் திருத்த வேண்டும். யாரிடம் கேட்பது?

முதலில் அது யாருடையது என்று கண்டுபிடியுங்கள். பாதிக் கடிதங்கள் தவறான மேசைக்குப் போய் அங்கேயே இறந்து போகின்றன.

ஊர் உள்வீதி பிரதேச சபையுடையது. இரண்டு மூன்று ஊர்களை இணைக்கும் வீதி பெரும்பாலும் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையது. ஏ, பி என்ற எழுத்தோடு வரும் வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. காட்டோரமாக வயலுக்குப் போகும் பாதை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழோ, எவருடைய பட்டியலிலும் இல்லாமலோ இருக்கலாம். கடைசியாகச் சொன்ன வகைதான் நமக்கு அதிகம். அப்படியான பாதையை முதலில் பிரதேச சபைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவில் இல்லாத பாதைக்கு நிதி ஒதுக்க முடியாது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள்.

குளத்திலும் அப்படித்தான். கந்தளாய்க் குளம், அல்லைத் திட்டம் போன்ற பெரியவை மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம். நடுத்தரமானவை மாகாண நீர்ப்பாசனம். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. திரியாய், தென்னமரவாடி, தம்பலகாமம், முதலிக்குளம் பக்கம் கைவிடப்பட்ட சிறு குளங்கள் ஏராளம். இப்படி ஒரு குளத்தைத் திருத்தினால் அதன் கீழ் வயல் மட்டுமா பிழைக்கும்? ஊர்க் கிணறுகளும் பிழைக்கும், மாடும் பிழைக்கும். மூன்று கிலோமீற்றர் கொங்கிரீட்டைவிட ஒரு குளக்கட்டு மேல் என்பது எங்கள் கருத்து.

எந்த மாதத்தில் கேட்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடியும். நமது மழை ஒக்டோபரில் தொடங்கி நவம்பர், டிசெம்பரில் கொட்டித் தீர்க்கும். கொழும்பில் இருந்து நிதி ஒதுக்கீட்டுக் கடிதம் வந்து, மதிப்பீடு போட்டு, அங்கீகாரம் எடுத்து, ஒப்பந்தம் கைச்சாத்தாக ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிவிட்டால், மண் வேலை செய்யும் காலமே முடிந்துவிடும். சிறு குளக் கட்டில் கை வைப்பதென்றால் குளம் வற்ற வேண்டும். சிறுபோகம் முடிந்து மழை வருவதற்குள் சில வாரங்கள்தான். டிசெம்பர் 31 க்குள் செலவாகாத பணம் திறைசேரிக்குத் திரும்பும். ஆகவே ஒன்று காசு திரும்பிப் போகும், இல்லாவிட்டால் கொட்டும் மழையில் கிரவல் பரவிக் கணக்கு முடிப்பார்கள். அடுத்த மாரிக்கு அந்தக் கிரவல் வயலுக்குள் கிடக்கும். இதில் யாரும் களவெடுக்கத் தேவையில்லை. நாட்காட்டியே காசைத் தின்றுவிடும்.

அதனால் அடுத்த வருட வேலைக்கான கோரிக்கையை இந்த வருட நடுப்பகுதியிலேயே பிரதேச செயலகத் திட்டமிடல் கிளையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடத்துக்கான முன்மொழிவுகளைத் திணைக்களங்கள் அந்தக் காலத்தில்தான் திரட்டத் தொடங்கும். ஜனவரியில் கொடுப்பவர் வரிசையின் கடைசியில் நிற்பார். கோரிக்கையோடு இடத்தின் படம், எத்தனை குடும்பம் பயன் பெறும், காணி யாருடையது என்ற மூன்றும் இருக்கட்டும். காணிப் பிணக்கு இல்லாத கோரிக்கை எப்போதும் முன்னால் போகும். வருடக் கடைசியில் வேறு ஊர் வேலை தடைப்பட்டு மிச்சக் காசு வரும்போது, கையில் ஆயத்தமாக இருக்கும் மதிப்பீட்டுக்குத்தான் அது திருப்பப்படும்.

ஊர்ச் சங்கமே அந்த வேலையைச் செய்யலாமா?

செய்யலாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட தொகைக்குள் கேள்விப்பத்திரப் போட்டி இல்லாமல் வேலை கொடுக்க விதி இருக்கிறது. பதிவு புதுப்பித்திருக்க வேண்டும், வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்திருக்க வேண்டும், கணக்கு பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. சங்கம் செய்தால் கூலி ஊருக்குள் நிற்கும்.

ஆனால் சங்கத்தின் பெயரை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். வெளியூர்க் கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து "கையெழுத்தை மட்டும் போடுங்கள், இத்தனை வீதம் தருகிறேன்" என்பார். வேலை பழுதானால் கணக்காய்வுக்குப் பதில் சொல்வது தலைவரும் பொருளாளரும்தான். அந்த மனிதரின் போன் அப்போது வேலை செய்யாது.

பிரஜாசக்தி என்கிறார்களே, அது என்ன?

2025 ஜூலையில் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டம். கிராம மட்டத்தில் ஒரு குழு அமைத்து, ஊரின் தேவையை ஊரே எழுத வேண்டும் என்பது கருத்து. புதிதல்ல, மீள்எழுச்சித் திட்டத்தில் நமது ஊர்கள் இதைச் செய்திருக்கின்றன. அப்போது எழுதிய கிராமத் திட்டம் யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். தேடி எடுங்கள், பாதித் தேவை இன்னும் அப்படியே இருக்கும்.

எங்கள் காணி பர்மிட் காணி. வங்கி கடன் தரவில்லை, வீட்டுத் திட்டமும் தடைப்படுகிறது. என்ன செய்வது?

இந்த மாவட்டத்தின் தலையாய பிரச்சினை இதுதான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் குடியிருக்கவும் பயிரிடவும் உரிமை தரும், நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ விடாது. அதற்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம். ஜெயபூமி, சுவர்ணபூமி என்று ஊரில் சொல்வது அவற்றைத்தான். 2024 இல் உறுமய என்ற பெயரில் முழு உரித்தாக மாற்றும் வேலை தொடங்கியது. பெயர் எதுவானாலும் விண்ணப்பம் போவது பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு.

அதிகமாகச் சிக்குவது பின்னுரித்து விடயத்தில். பர்மிட் தகப்பன் பெயரில் இருக்கும், அவர் காலமாகி வருடக்கணக்காகியிருக்கும், யாருக்கு என்று எழுதி வைத்திருக்க மாட்டார். பழைய சட்டத்தின் பின்னுரித்து அட்டவணை ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022 திருத்தத்தோடு அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. நமது பக்கம் வழக்கப்படி வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தானே போகும், அதனால் பழைய முறை வீட்டுக்கு வீடு பிரச்சினை வைத்தது. உயிரோடு இருக்கும் பர்மிட்காரர்கள் நாளைக்கே போய்ப் பின்னுரித்தாளரின் பெயரைப் பதியட்டும். செலவு சொற்பம்.

பர்மிட்டே தொலைந்துவிட்டதா? சுனாமியிலும் இடப்பெயர்விலும் தொலைத்தவர்கள் இங்கே ஆயிரம். காணிப் பேரேட்டில் உங்கள் பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். பேரேடும் இல்லாத இடத்தில் பழைய பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்பு, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பக்கத்துக் காணிக்காரரின் சத்தியக்கடதாசி எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வன இலாகாவோ தொல்பொருளோ எல்லைக்கல் போட்ட காணி என்றால் கதை வேறு. குச்சவெளிப் பக்கம் இது பெரும் புண். பிரதேச செயலாளரால் தனியே தீர்க்க முடியாது, அந்தத் திணைக்களத்தின் விடுவிப்பு வேண்டும். தனித்தனியாகப் போவதைவிட, பாதிக்கப்பட்ட எல்லோருடைய பத்திரங்களையும் ஒரே கோவையாக்கி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைப்பது பலன் தரும். சம்பூரில் 818 ஏக்கர் 2015 இல் விடுவிக்கப்பட்டதும் ஊர் ஒன்றாக நின்று, பத்திரங்களோடு வருடக்கணக்கில் விடாமல் கேட்டதால்தான்.

நெல் செய்கிறவருக்கு என்ன இருக்கிறது?

உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஆகக்கூடியது இரண்டு ஹெக்டேயருக்கு, வங்கிக் கணக்குக்கு வரும். கமநல சேவை நிலையத்தின் கமக்காரர் பதிவில் பெயர் இருக்க வேண்டும். குத்தகைக்குச் செய்பவருக்கு இங்கேதான் இடி விழுகிறது. வயற்காரர் நகரத்தில் இருப்பார், மானியம் அவர் கணக்குக்குப் போகும், உரத்துக்குக் கடன்படுவது நீங்கள். போகம் தொடங்கும் கூட்டத்திலேயே யார் செய்கிறார் என்பதை வட்டவிதானையையும் (வயல் வெளியைக் கவனிக்கும் பொறுப்பாளர்) கமக்காரர் அமைப்பையும் கொண்டு பதிவித்துக் கொள்ளுங்கள்.

நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய 6 பயிர்களுக்கு இலவசக் காப்புறுதி இருக்கிறது. வெள்ளம், வறட்சி, காட்டு யானை மூன்றும் அதற்குள் அடங்கும். யானை இறங்கிய மறுநாளே படம் எடுத்துக் கமநலத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அறுவடை முடிந்த பிறகு போய்ச் சொன்னால் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

விலை என்று வந்தால், 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்தது நாட்டரிசி நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈரப்பதம் 14 வீதம். வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல் அந்த அளவில் இராது. காயவைக்க இடமில்லாதவர் வயலிலேயே லொறிக்காரருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். உத்தரவாத விலை அவரைப் பொறுத்தவரை பேப்பரில் வரும் செய்தி. அதனால்தான் மேலே காயவிடும் தளத்தைப் பற்றிப் புலம்பினோம். உங்கள் கமக்காரர் அமைப்பு இந்த வருடம் ஒன்றே ஒன்றைக் கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.

மீனவருக்கு?

படகும் இயந்திரமும் கடற்றொழில் திணைக்களத்தில் பதிந்திருந்தால்தான் எரிபொருள் சலுகை, நட்டஈடு எல்லாம். இறால், நண்டு வளர்ப்பு என்றால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை. பதிவில்லாத படகு கவிழ்ந்தால் அரசாங்கத்தின் கணக்கில் அப்படி ஒரு படகே இல்லை.

பெண்களுக்குச் சுயதொழில் கடன் எங்கே எடுக்கலாம்?

சமுர்த்தி வங்கி, பிராந்திய அபிவிருத்தி வங்கி, மாதர் சங்கத்தின் சுழற்சி நிதி, கூட்டுறவு. வீட்டு வாசலுக்கு வாராவாரம் வருகிற கடனைக் கடைசிக்கு விடுங்கள். அந்தக் கடனால் கிழக்கிலும் வடக்கிலும் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது, நமது மாவட்டமும் அதில் ஒன்று.

தொழிலுக்குக் கடனைவிட முதலில் தேவை வாங்குகிறவர். பயிற்சி கொடுத்துத் தையல் மெசினும் கொடுத்தால் ஒரே ஊரில் பத்துத் தையற்காரிகள் இருப்பார்கள், தைக்கக் கொடுக்க ஆளிராது. பிரதேச செயலகத்தில் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரும், பல இடங்களில் விதாதா வள நிலையமும் உண்டு. மெசின் கேட்பதற்கு முன் நிலாவெளி ஹோட்டல்களும் நகரக் கடைகளும் என்ன வாங்குகின்றன என்று அவர்களிடம் கேளுங்கள்.

சம்பூர் சூரிய மின் திட்டத்தால் நமது பிள்ளைகளுக்கு வேலை வருமா?

அனல்மின் நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வருகிற 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி தொடக்க விழா நடந்தது. கட்டும் காலத்தில் கூலி வேலை இருக்கும். கட்டி முடித்த பிறகு சூரியப் பலகைகளைப் பார்க்க அதிக ஆள் தேவைப்படாது. இதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். அதே நாளில் கிழக்கு மாகாணத்துக்கென்று இந்தியா அறிவித்த சுமார் 2.4 பில்லியன் ரூபா நன்கொடை கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்பிடிக்கானது. ஊருக்கு அதில் அதிகம் கிடைக்கலாம், அதையும் பின்தொடருங்கள். பெரிய தொழிற்சாலைக் கனவு எப்படி முடியும் என்பதைக் கந்தளாய்க்காரரிடம் கேட்கலாம். 1990 களில் மூடிய சீனித் தொழிற்சாலையை மீளத் திறக்கும் கதை அங்கே இன்னும் ஓடுகிறது.

மாகாண சபை இல்லையே, மாகாணத் திணைக்களங்கள் இயங்குகின்றனவா?

இயங்குகின்றன. சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநரின் கீழ் நிருவாகம். உங்களுக்காகச் சபையில் எழுந்து கேட்க உறுப்பினர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வித்தியாசம் அல்ல.

சிங்களத்தில் கடிதம் வருகிறது.

தமிழில் கேட்கலாம். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. முறைப்பாட்டுக்கு 1956.

கடிதம் கொடுத்தேன், பதிலே இல்லை.

கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்னொரு பிரதியோடு திரும்பப் போங்கள். முத்திரை இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேளுங்கள்: என் கோரிக்கை இப்போது எந்த மேசையில் இருக்கிறது, இந்த வருடம் எமது பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்த வேலைகளுக்கு? 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கோபமாக எழுதத் தேவையில்லை. சட்ட இலக்கத்தைப் போட்டாலே கோவை நகரத் தொடங்கும்.

எம்பி மூலமாகப் போனால் சுலபம் இல்லையா?

சில நேரம் சுலபம்தான், பொய் சொல்ல மாட்டோம். பன்முகப்படுத்தப்பட்ட நிதி அவர் கையில் இருக்கிறது, ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் பேசினால் எடுபடும். ஆனால் திட்டமிடல் கிளையில் உங்கள் கோரிக்கை ஏற்கெனவே பதிவில் இருந்தால்தான் அவர் பேசுவதற்கும் ஒரு கடதாசி இருக்கும். அவர் தோற்றாலும் அந்தப் பதிவு அங்கே கிடக்கும்.

படிவம் நிரப்பித் தர, பெயர் சேர்த்துத் தர ஒருவர் காசு கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். இங்கே சொன்ன எந்த நலன்புரித் திட்டத்திலும் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. எழுத உதவி தேவையென்றால் ஊரில் ஏஎல் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள். சந்தேகம் என்றால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919, விவசாய ஆலோசனைக்கு 1920.